கொன்றை மரத்துப் பட்டைத் திருடன்

ஆம்பூரில் அமிர்தவள்ளி தின்றறியாத மரம் கிடையாது. வழியில் ஒரு மரம் வந்தால் அவள் கை சும்மா இருக்காது. நகத்தால் ஒரு துணுக்குப் பட்டையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டேதான் நடப்பாள். யாராவது பார்த்துச் சிரித்தால் சிரித்தவர்களுக்கும் ஒரு துணுக்கு கிள்ளிக் கொடுப்பாள். கசப்பா, துவர்ப்பா, துவர்ப்பென்றால் நாக்கின் நுனியில் பிடிக்கிறதா அடியில் பிடிக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தப் பழக்கம் அவளுக்கு நல்ல பெயரையும் வாங்கிக் கொடுத்தது, ஒரு தடவை திருடிப் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தது.

பிறந்தது நாட்றம்பள்ளிப் பக்கம், ஏலகிரி மலையின் அடிவாரத்தில். நடக்கக் கற்ற நாளிலிருந்து சுற்றியிருந்த கரட்டுக் குன்றுகளில் ஆவாரஞ்செடி வெட்டியவள். பதினாறு வயதில் ராமலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, மிச்சத்தை எல்லாம் அவளே பேசிவிடுவாள். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருந்தது என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அது நாக்கின் மேல்தான் இருந்தது.

முப்பது வயதுக்குள் ஆம்பூருக்கு வந்து, பட்டைக்காரப் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு ஜமா கட்டிவிட்டாள். ஒன்பது பேரும் விடிவதற்குள் கரட்டுக்குப் போவார்கள். ஆவாரங்கிளையை வெட்டி, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டி, பட்டை கழன்றதும் உரித்து வெயிலில் போடுவார்கள். காய்ந்த பட்டை தலைச்சுமையாக நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்புக்குப் போய்ச் சேரும். அங்கே தொட்டியில் ஊறி, துவர்ப்பு இறங்கிப் பட்டைத் தண்ணீராகி, ஆட்டுத்தோலைப் பதமாக்கும். சாறு போன சக்கையை அள்ளிக் கொல்லையில் கொட்டுவார்கள்.

நிசார் அஹமது அவள் நாக்கை வெகுவாக மதித்தார். வெளியூர் வண்டிகளில் பட்டை வந்து இறங்கினால், எடை போடுகிற அமீர் பாஷா தராசைத் தொடுவதற்கு முன் அவளைத்தான் கூப்பிடுவார். அவள் ஒரு துண்டை மென்று துப்பிவிட்டு, "இது ரெண்டு மழையில நனைஞ்ச சரக்கு, பாஷா பாய். துவர்ப்பு பாதிக்கு மேல ஓடிப்போய்ட்டுது" என்பாள். வண்டிக்காரன் குதிப்பான். சாயபு அவன் பேச்சைக் கேட்கமாட்டார். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பட்டாளத்துக்குச் சப்பாத்து வேண்டும், சப்பாத்துக்குத் தோல் வேண்டும், தோலுக்குப் பட்டை வேண்டும். சுற்று வட்டாரக் கரடெல்லாம் மொட்டையாகிவிட்டது. ஆவாரை போதாமல் கொன்றைப் பட்டையில் கை வைத்தார்கள். சாலையோரத்துக் கொன்றைகள் ஒரே ராத்திரியில் தோலுரிந்து நின்றன. யாருடைய மரத்தையும் யாரும் நம்பி விட்டுப் போக முடியாத காலம்.

சாயபுவின் வீட்டுக்கும் ஷாப்புக்கும் நடுவே இருந்த முற்றத்தில் ஒரு கொன்றை மரம் நின்றது. அவர் மனைவி அன்வரி பேகம் வாணியம்பாடியில் தாய் வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. சித்திரை பிறந்தால் மரம் முழுக்க மஞ்சளாகத் தொங்கும், ஷாப்பின் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார்கள். பட்டைக்கு எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அந்த மரத்தில் கத்தி படக்கூடாது என்று சாயபு சொல்லி வைத்திருந்தார்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் அமிர்தவள்ளி அந்த மரத்தடியில் நின்றாள். கை சும்மா இருக்குமா? கிள்ளினாள், மென்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். வாசலில் நின்ற ஐம்பது பேருக்கும் கேட்கும்படி, "அடேயப்பா, இன்னா முத்தின பட்டை. இதை உரிச்சா நூறு தோலு பதமாவும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் போயிற்று. மாசியில் ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஷாப் மூடியிருக்கும், சனிக்கிழமை காலையில்தான் திறப்பார்கள். அமிர்தவள்ளியின் ஜமா சுமையை இறக்கித் தராசுக்கு முன்னால் வரிசையில் நின்றது. நிசார் அஹமது வீட்டுப் பக்கமிருந்து வேகமாக வந்தார். கோபப்பட்டே அறியாத மனிதர். கோபத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அமிர்தம்மா, நம்ம வீட்டு மரத்துல கவட்டைகிட்ட ரெண்டு கை அகலத்துக்குப் பட்டை இல்லை. வெள்ளை மரம் தெரியுது. அந்தப் பட்டை முத்திடுச்சுன்னு சொன்னது யாரு? இந்த ஷாப்புல நூறு பேர் நடமாடுறாங்க, அந்த மரத்துல கை வெச்சது நீ ஒருத்திதான். எடுத்தது நீதான். இனிமே உன் ஜமா சரக்கு இங்க எடை ஏறாது" என்றார்.

பட்டைக்காரப் பெண்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கரட்டில் வெட்டலாம், காட்டில் வெட்டலாம், ஒரு வீட்டில் நிற்கிற மரத்தின் பட்டையில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தவளை எந்த ஜமாவும் சேர்க்காது, எந்த ஷாப்பும் உள்ளே விடாது. அமிர்தவள்ளியே அப்படி இரண்டு பேரைத் துரத்தியிருக்கிறாள். இப்போது எட்டுப் பெண்களும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பாதி சந்தேகம் இருந்ததுதான் அவளைச் சுட்டது.

"மாரியம்மன் கோயில்ல கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணிடு வள்ளி, முடிஞ்சுபோவும்" என்றாள் ஜமாவில் மூத்த ராஜம்மாள்.

"செய்யாத குத்தத்துக்குக் கற்பூரம் எதுக்குக் கரையணும்? நான் மரத்தைப் பாக்கணும், சாயபு. பாத்துட்டு அப்புறம் போறேன்."

சாயபு தலையசைத்தார். அமீர் பாஷாவும் ஷாப்பில் பாதியும் பின்னால் வந்தார்கள்.

அமிர்தவள்ளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு அவள் ஒரு மரத்தைப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கவட்டையில் பட்டை போயிருந்தது நிஜம். ஆனால் கத்தி பட்ட ஓரம் எங்கும் இல்லை. உரித்த பட்டை கீற்றாக வரும், இங்கே ஆறு ஓடின மாதிரி கோணல்மாணலாகச் சுரண்டிக் கிடந்தது. சுரண்டின இடத்தின் மேலெல்லாம் பழுப்புத் தூள் நூலாம்படையில் ஒட்டிக்கொண்டு ஒரு நாடா போலப் படர்ந்திருந்தது. அந்தத் தூள் கீழேயும் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

அமீர் பாஷா முகத்தைச் சுளித்தார்.

மென்றாள். கொன்றைதான், சந்தேகமில்லை. ஆனால் துவர்ப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. நாக்கு காத்துக்கொண்டே இருந்தது. இந்த ருசி அவளுக்குத் தெரியும். தொட்டியில் ஊறி, சாறு போய், கொல்லையில் கொட்டுகிற சக்கைக்குத்தான் இந்த ருசி. ஆனால் சக்கை ஈரமாக இருக்கும், இது காய்ந்த தூள். தொட்டியே இல்லாமல் ஒரு பட்டை எப்படிச் சக்கையாகும்?

"பாஷா பாய், இந்தப் பட்டையைக் கத்தி எடுக்கல. ஒரு வயிறு எடுத்திருக்குது" என்றாள்.

"அப்படின்னா நீ இப்ப மென்னது..."

"அதேதான். நீங்க சொல்லித் தரவேணாம்" என்று துப்பினாள். சாயபு தவிர எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நாடாவின் ஒரு நுனி எங்கே போகிறது என்று பார்த்தாள். கவட்டைக்குள் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. ஊசி விட்டுக் குத்தினால் உள்ளே இருப்பது செத்துப்போகும். "பாஷா பாய், அந்தச் சுருட்டைப் பத்த வைங்க" என்றாள். இருபது வருஷமாக முதலாளிக்குத் தெரியாமல் இடுப்பில் ஒளித்து வைத்திருந்த சுருட்டு அது. அமீர் பாஷா சாயபுவைப் பார்த்தார், சாயபு வானத்தைப் பார்த்தார். சுருட்டு பற்றியது. துளையில் நாலு தடவை புகை ஊதியதும், அழுக்குப் பழுப்பு நிறத்தில், கறுத்த தலையோடு ஒரு புழு முண்டிக்கொண்டு வெளியே வந்தது.

பதிமூன்று வருஷம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து பூச்சி பார்க்கிற சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் ஆம்பூருக்கு வந்தபோது, இந்தப் புழுவின் வண்டவாளத்தையெல்லாம் அவளுக்குச் சொன்னார். பகலெல்லாம் துளைக்குள் தூங்கும், இருட்டியதும் வந்து தன் கழிவையும் பட்டைத் தூளையும் நூலில் கோத்துக் கூரை கட்டிக்கொண்டு அதன் அடியிலிருந்து பட்டையைத் தின்னும், கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சியாகி ஆனி மாசத்தில் விளக்கைத் தேடி வரும், இதன் சொந்தபந்தங்கள் மாவிலும் கொய்யாவிலும் முருங்கையிலும் இதே தொழில்தான் பார்க்கின்றன என்றார். "குடும்பமே இப்படித்தானா" என்று கேட்டுக்கொண்டாள் அமிர்தவள்ளி. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அது வெறும் ஒன்றரை அங்குலப் புழு.

"இதுவா? இது ரெண்டு கை அகலம் பட்டையைத் தின்னுச்சா?" என்றார் நிசார் அஹமது. "மரம்னா புழு இருக்கத்தான் செய்யும், அமிர்தம்மா. நீ உரிச்ச இடத்துல அது வந்து குடியேறியிருக்கும்."

"தின்னு காட்டினா ஒத்துக்குவீங்களா?"

அவர் நியாயமான மனிதர். யோசித்தார். "சரி. அடுத்த சனிக்கிழமை காலை வரைக்கும் பாக்கலாம். அது தின்னலைன்னா நீ ஜமாவை விட்டுட்டு ஆம்பூரை விட்டே போய்டணும்."

"போறேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு புழுவின் பசியை நம்பி இருபது வருஷப் பெயரை வைத்துவிட்டோமே என்று.

அமீர் பாஷா அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் துணியால் கட்டி, புழுவை உள்ளே விட்டு, சாப்பாட்டுக்கு ஷாப்பிலேயே உயர்ந்த பட்டையைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்து போட்டு, மறு பக்கத்தையும் கட்டி, தராசுக்கு மேலே இருந்த மாடத்தில் வைத்துப் பூட்டினார். சாவி அவரிடம். யாரும் கள்ளத்தனம் பண்ண முடியாது. ஷாப்பில் அந்தப் புழுவுக்கு 'சின்ன முதலாளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள், வேலை செய்யாமலே பட்டை கிடைக்கிறதாம். நிசார் அஹமது அந்தப் பக்கம் வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

ஞாயிறு காலை மாடத்தைத் திறந்தார்கள். பட்டை அப்படியே இருந்தது. திங்கள் காலையும் அப்படியே. செவ்வாய் காலை புழு சிம்னியின் ஓரத்தில் சுருண்டு கிடந்தது, சாகிற மாதிரி இருந்தது.

அந்த மூன்று நாளும் அமிர்தவள்ளி சோறு சரியாகத் தின்னவில்லை. ஊருக்கு வந்திருந்த ராமலிங்கம் தட்டைப் பார்த்துவிட்டு, "புழுவும் திங்கலை, நீயும் திங்கலை" என்றார். அவருக்கு அது நீளமான பேச்சு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சிம்னிக்குள் கிடந்த பட்டையை எடுத்துத் தரச் சொன்னாள். வழக்கம்போல வாயில் போட்டாள். ஒரு கடி கடித்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாஷா பாய், இது எப்ப உரிச்சது?"

"தையில வந்த சரக்கு. நல்லாக் காஞ்சது, ஒண்ணாம் நம்பர். மட்டமானதைப் போட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாதில்ல?"

"உயிரோட நிக்கிற மரத்துல வாய் வெக்கிறவனுக்குக் கிடங்குச் சரக்கைப் போட்டா எப்படித் திம்பான்? நமக்குத்தான் காய்ஞ்சா பட்டை. அவனுக்கு இல்லை."

பிறந்தது முதல் பட்டை வாசனையில் வளர்ந்தவர்கள் நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். பட்டை என்றால் காய்ந்தது, கட்டானது, எடைக்கு வருவது. மரத்தில் இருக்கும்போது அது ஈரமாக இருக்கும் என்கிற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. கரட்டில் தினமும் ஈரப் பட்டையை உரிக்கிற அமிர்தவள்ளிக்கே வரவில்லை, அதில்தான் அவளுக்குத் தன்மேல் எரிச்சல்.

இப்போது பச்சைக் கிளை வேண்டும். கொன்றைக் கிளை. ஊரில் தோலுரியாமல் மிச்சமிருந்த கொன்றை சாயபு வீட்டு மரம் ஒன்றுதான். அந்த மரத்தில் இவள் கை பட்டால் கதை அத்தோடு முடிந்தது. சாயபு தோல் விற்கச் சென்னைப்பட்டணம் போயிருந்தார், வெள்ளி இரவுதான் வருவார்.

அமிர்தவள்ளி வீட்டின் பின்வாசலில் போய் நின்றாள். திரைக்குப் பின்னால் அன்வரி பேகத்தின் வளையல் சத்தம் கேட்டது.

"பேகம்மா, உங்க மரத்துல ஒரு சின்னக் கிளை வேணும். நான் தொடமாட்டேன். நீங்களே வெட்டிக் குடுத்தா போதும்."

"என் புருஷன் உன்னைத் திருடின்னு சொல்லிட்டாரு. அது இல்லைன்னு சாட்சி சொல்ற புழுவுக்கு நான் சோறு போடணும். அதானே கேக்கறே?" என்றாள் அன்வரி பேகம்.

"ஆமாம்மா."

திரை விலகியது. அன்வரி பேகம் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு, கையில் சமையல் கத்தியோடு வெளியே வந்தாள். முக்காலியைப் போட்டு ஏறி, கட்டைவிரல் கனத்தில் ஒரு கிளையைப் பார்த்துப் பார்த்து அறுத்தாள். பழக்கமில்லாத கை, நேரம் பிடித்தது. கீழே நின்ற அமிர்தவள்ளி, "அங்க இல்லை, கணுவுக்கு மேல" என்று சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் கட்டி நின்றாள்.

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், வள்ளி" என்றாள் அன்வரி பேகம், கிளையை நீட்டியபடி. "எடுத்திருந்தா சுத்தமா எடுத்திருப்பே. இவ்வளவு அசிங்கமா வேலை செய்ய உனக்கு வராது."

மூன்று நாளாக வராத சிரிப்பு அப்போதுதான் அமிர்தவள்ளிக்கு வந்தது.

புதன் காலை, சிம்னிக்குள் வைத்துப் பூட்டியிருந்த கிளையில் நகக்கண் அளவு தூள். ஷாப்பே எட்டிப் பார்த்தது. வியாழன் காலை ஒரு விரல் நீளத்துக்கு நாடா, அதன் அடியில் வெள்ளை மரம். அமீர் பாஷா ஒரு படி பொரியை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். வெள்ளி ஷாப் இல்லை. அன்று முழுக்க அமிர்தவள்ளி வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தாள், புழு செத்துப்போயிருக்குமோ, எறும்பு வந்திருக்குமோ என்று.

சனிக்கிழமை காலை சாயபுவே பூட்டைத் திறந்தார். கிளையைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து பழுப்பு நாடா போயிருந்தது. சின்ன முதலாளி அதன் அடியில் சௌக்கியமாக இருந்தார். நிசார் அஹமது கிளையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அமிர்தவள்ளியை மட்டும் வரச் சொன்னார். கிளையைக் கவட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அதே தூள், அதே கூரை, அதே கோணல். கவட்டையில் இன்னும் தேடியபோது வேறு மூன்று துளைகளும் அகப்பட்டன.

ஒவ்வொரு துளையிலும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "தப்பு நடந்துபோச்சு, அமிர்தம்மா. உன் ஜமாவைக் கூட்டிட்டு வா. எடை போடச் சொல்றேன்" என்றார்.

அவள் நகரவில்லை. அவளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு, கோபமும் உண்டு.

"தராசுகிட்ட நின்னு அத்தினி பேர் முன்னால திருடின்னீங்க. இங்க மரத்தடியில யாரும் இல்லாதப்ப தப்புன்னா எப்படி, சாயபு? அந்தப் பேரை எங்க குடுத்தீங்களோ அங்க வந்து எடுத்துக்கங்க."

நிசார் அஹமதின் முகம் சிவந்தது. அறுபது பேருக்குக் கூலி கொடுக்கிறவர், பள்ளிவாசலில் முன்வரிசையில் தொழுகிறவர். திரைக்குப் பின்னால் வளையல் ஒரு தடவை சத்தமிட்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தராசை நோக்கி நடந்தார்.

அது எல்லா ஜமாக்களும் சுமையோடு வந்து கூடுகிற நேரம். அமிர்தவள்ளியின் எட்டுப் பெண்களும் வாசலுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். சாயபு தராசுக்குப் பக்கத்தில் நின்று கிளையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. என் மரத்துப் பட்டையைத் தின்னது இது. அமிர்தம்மா எடுக்கலை. விசாரிக்காம நான் அவங்களைத் திருடின்னு சொன்னேன். நான் சொன்னது பொய். அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

'அவங்க' என்று அவர் ஒரு பட்டைக்காரியைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. ராஜம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் அமிர்தவள்ளி என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள். ஆம்பூர் முழுக்கத் தெரியும், எதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும். எட்டு நாளாக ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு அவளும் பத்துப் பதில் யோசித்து வைத்திருந்தாள், ஒன்றைவிட ஒன்று காரமாக.

அவள் நேராகப் போய் ராஜம்மாளின் தலைச்சுமைக்குக் கை கொடுத்து இறக்கினாள். "உள்ள வாங்கடி, நேரமாவுது" என்றாள். குரல் பாதியில் உடைந்தது. பட்டைக் கட்டை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டு, எல்லாரும் பார்க்கப் பார்க்க அழுதாள்.